மான் வேட்டைக்குப் பழைய மஸில்லோடர்: ஹாக்கனா, நைட்டா, ஆப்டிமாவா?

ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்போமே, மஸில்லோடரும் அதே முறைதான்: குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, மேலே குண்டை வைத்து, கம்பியால் கெட்டிப்பது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் மான் வேட்டையில் இதற்கென்று தனிப் பருவம் ஒதுக்குகின்றன. ஆண்டுக்குச் சில நாட்களே கையில் எடுக்கும் பொருளுக்குப் புது விலை எதற்கு என்று பழையதைத் தேடுவது நல்ல யோசனைதான். ஆனால் பழையதில் எது என்பதில்தான் பணம் வீணாவதும் மிஞ்சுவதும் இருக்கிறது.

விலையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் மாநில விதியைப் பாருங்கள். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பின் வரும் பருவத்தில் சக்கிமுக்கிக் கல்லால் பற்றும் ஃப்ளின்ட்லாக் மட்டும்தான் செல்லும். 1974-ல் அந்தப் பருவம் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான். கொலராடோவின் மஸில்லோடர் பருவத்தில் இன்லைன், அதாவது தீப்பொறி நேர் பின்னாலிருந்து மருந்தைத் தொடும் புது ரகம், செல்லும், ஆனால் ஸ்கோப் கூடாது, குண்டைச் சுற்றிய பிளாஸ்டிக் சேபாட் கூடாது, மாத்திரை வடிவ மருந்தும் கூடாது. ஐடஹோவில் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். விதியைப் பார்க்காமல் வாங்கினால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தத் துப்பாக்கி அலமாரியிலேயே கிடக்கும்.

பழைய சந்தையில் அதிகம் கண்ணில் படுவது தாம்ப்ஸன் சென்டர் ஹாக்கன். 1970-ல் வந்தது. வால்நட் கட்டை, பித்தளை அலங்காரம், பக்கவாட்டில் பூட்டு என்ற சுடும் பொறியும் சுத்தியலும். பார்க்க அழகு, அந்த அழகுக்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார்கள். அதே கம்பெனியின் ரெனிகேட், பித்தளையைக் கழித்துவிட்ட ஹாக்கன் என்றே சொல்லலாம். கையிருப்பு குறைவு என்றால் ரெனிகேட்டையே தேடுங்கள். இரண்டிலும் குண்டைச் சுழற்றிவிட குழலுக்குள் வெட்டிய வரி 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. உருண்டைக் குண்டும் ஓடும், மாக்ஸி-பால் மாதிரி கனத்த ஈயக் குண்டும் ஓடும். உருண்டைக் குண்டென்றால் 75 கஜத்துக்கு மேல் மானை நோக்கிக் குறி வைக்காதீர்கள். இதன் பலவீனம் ஈரம். சுத்தியல் அடித்ததும் பொறி விடும் சிறு மூடியான கேப்பின் தீப்பொறி, அதைச் செருகி வைக்கும் நிப்பிள் என்ற துளையிட்ட முனை வழியாக இறங்கி, ஒரு திருப்பம் திரும்பித்தான் மருந்தைத் தொடுகிறது. மழை நாளில் அந்தத் திருப்பத்தில்தான் தகராறு.

நைட் எம்.கே.-85 அந்தத் திருப்பத்தை எடுத்துவிட்டது. மிசௌரியைச் சேர்ந்த டோனி நைட் 1985-ல் கொண்டுவந்த இன்லைன் இது. கேப் மருந்துக்கு நேர் பின்னால் இருக்கிறது, குழலின் பின்முனையை அடைக்கும் பிரீச் பிளக்கைக் கழற்றிக் குழலை முழுதாகத் துடைக்கலாம், இரண்டு பாதுகாப்புப் பூட்டுகள் உண்டு. செய்நேர்த்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இப்போது கைக்கு வருபவை பழைய வண்டிகள். கேப்பின் கரியும் புகையும் உள்ளே இருந்து கேப்பை அடிக்கும் பிளஞ்சர்மேல் படிந்திருக்கும். பிளக்கை ஆண்டுக்கணக்கில் கழற்றாமல் விட்டிருந்தால் அது குழலோடு ஒட்டிப்போயிருக்கும். விற்பவர் உங்கள் கண்முன்னே பிளக்கைக் கழற்றிக் காட்டினால் வாங்குங்கள். “எண்ணெய் விட்டால் வந்துவிடும்” என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மூன்றாவது, சி.வி.ஏ. ஆப்டிமா. நடுவில் மடங்கித் திறக்கும் இன்லைன். கேப்புக்குப் பதில், ஷாட்கன் தோட்டாவில் இருக்கும் 209 என்ற பிரைமரால் பற்றும். வரி 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதால் சேபாட் குண்டு நன்றாகப் போகும். இதில் வி2 என்ற பிந்தைய வடிவத்தைத் தேடுங்கள், பிரீச் பிளக் கருவி எதுவும் இல்லாமல் விரலாலேயே கழன்றுவிடும். பிளாக்ஹார்ன் 209 என்ற மருந்து 209 பிரைமர் இருந்தால்தான் ஒழுங்காகப் பற்றும். விலை கூடுதல்தான், ஆனால் பைரோடெக்ஸ் என்ற இன்னொரு மருந்து அளவுக்கு இரும்பை அரிக்காது, துடைப்பதும் சுலபம். ஹாக்கனுக்கு அந்த வசதி இல்லை. அதே கம்பெனியின் உல்ஃப் இன்னும் மலிவு. பழைய உல்ஃபுக்குப் புதியதன் விலையை ஒட்டிக் கேட்டால் பேசாமல் புதியதையே வாங்கிவிடலாம்.

சி.வி.ஏ. விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வரிசை எண் 95 அல்லது 96 என்று முடியும் பழைய இன்லைன்கள் குழல் வெடிக்கும் அபாயத்தால் 1997-ல் திரும்ப அழைக்கப்பட்டவை. இன்றும் சில கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. இலவசமாகக் கொடுத்தாலும் அதைச் சுடாதீர்கள்.

எந்த ரகமானாலும் நேரில் பார்க்கும்போது முதல் வேலை, உள்ளே கெட்டித்த மருந்து கிடக்கிறதா என்று பார்ப்பது. கம்பியைக் குழலின் அடிவரை விட்டு, வாய் விளிம்பில் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்து, அதே இடத்தை வாய்க்கு நேராக வைத்து, கம்பியைக் குழலின் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். நுனி பிரீச் பிளக்கின் முகம் வரை, பக்கப்பூட்டு ரகத்தில் கிட்டத்தட்ட நிப்பிள் வரை, வர வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே யாரோ விட்டுப்போன மருந்தும் குண்டும் இருக்கின்றன என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாயை யார் பக்கமும் திருப்பாமல் கீழே வையுங்கள்.

அப்புறம், இறுக்கமாகச் சுற்றிய வெள்ளைத் துணியை அடிவரை மெதுவாகத் தள்ளுங்கள். கை முழு நீளத்துக்கும் ஒரே இறுக்கத்தை உணர வேண்டும். ஓரிடத்தில் திடீரென்று தளர்ந்தால், அங்கே குழல் உப்பியிருக்கலாம்; குண்டு முழுதாக இறங்காமல் சுட்டதன் அடையாளம் அது. துணி செம்பழுப்பாக வந்தால் துரு. பைரோடெக்ஸின் மிச்சம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், சுட்ட அன்றே கழுவாத குழல் மருந்து எரியும் அடிப்பகுதியில்தான் முதலில் குழிவிடும். ஹாக்கனில் பின்பக்கத்தைத் திறக்க முடியாது, அதனால் வாய் வழியாக உள்ளே விடும் சிறு விளக்கு இல்லாமல் போகாதீர்கள். பக்கப்பூட்டில் சுத்தியலைப் பாதி பின்னிழுத்த நிலையில் நிறுத்தி விசையை லேசாக அழுத்துங்கள். விழுந்தால் பூட்டு தேய்ந்துவிட்டது.

என் தேர்வு: இன்லைனை அனுமதிக்கும் மாநிலத்தில் முதல் துப்பாக்கி வாங்குபவருக்கு ஸ்டெயின்லெஸ் ஆப்டிமா வி2. பிளக் கழன்று வருவதால் குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துவிட்டு வாங்கலாம், உதிரிபாகமும் கிடைக்கும். பென்சில்வேனியாவின் பின்பருவத்துக்கு ஃப்ளின்ட்லாக் ஹாக்கன். பழைய முறையில் சுடப் பிரியப்படுபவருக்குக் கேப் வைக்கும் ரெனிகேட். நைட் அருமையான துப்பாக்கிதான், ஆனால் முதல் துப்பாக்கியாக வேண்டாம்.

இவற்றில் பெரும்பாலானவற்றை 1968-ன் கூட்டாட்சிச் சட்டம் பழங்காலத் துப்பாக்கி என்ற பிரிவில் வைக்கிறது, அதனால் துப்பாக்கி வாங்குபவர் கடையில் நிரப்பும் 4473 படிவம் தேவைப்படாது. தாம்ப்ஸன் சென்டர் என்கோர் இதற்கு விலக்கு. அதன் உடலில் சாதாரண ரைஃபிள் குழலையும் மாட்டலாம் என்பதால் அதற்குப் படிவம் உண்டு. நியூ ஜெர்சி மாதிரி சில மாநிலங்கள் சாதாரண மஸில்லோடரையே துப்பாக்கிக் கணக்கில்தான் சேர்க்கின்றன, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதை விசாரித்துவிடுங்கள்.