லண்டனில் பொதுச்சுவர் சர்வேயர் சேவை: கொடுத்த பணத்துக்கு என்ன கிடைத்தது?

வீட்டின் பின்புறம் எக்ஸ்டென்ஷன் ஒன்று கட்டுவதற்காக, வடமேற்கு லண்டனில் இயங்கும் சிறிய பொதுச்சுவர் சர்வேயர் நிறுவனம் ஒன்றை அமர்த்தினோம். அயல்வீட்டையொட்டி நடக்கும் கட்டட வேலையில் இரு வீட்டாருக்கும் இடையே எழும் தகராறைச் சட்டப்படி தீர்த்துவைப்பவரே பொதுச்சுவர் சர்வேயர். கட்டணம் கூடுதல், மின்னஞ்சல்களுக்குப் பதில் வருவது மிகத் தாமதம். ஆயினும் வேலை தொடங்குமுன் அவர்கள் தயாரித்துக் கொடுத்த, அயல்வீட்டின் அப்போதைய நிலையைப் பதிவுசெய்யும் நிலை அறிக்கை ஒன்றுக்காகவே அவர்களை மீண்டும் அமர்த்துவேன் என்பதுதான் என் முடிவு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எல்லையோரம் கட்டுவோர் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். கவுன்சில் கொடுக்கும் திட்ட அனுமதி வேறு, இது வேறு. ஒன்று கையில் இருப்பதால் மற்றையது தேவையில்லை என்று ஆகிவிடாது. அயல்வீட்டுக் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள், அதன் அத்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டுவதானால், எங்கே எவ்வளவு ஆழம் என்பதைக் காட்டும் வரைபடத்துடன் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே அயலவருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர் 14 நாள்களுக்குள் எழுத்தில் சம்மதம் தராவிட்டால், இரு தரப்புக்கும் இடையே தகராறு எழுந்துவிட்டதாகச் சட்டம் கருதிக்கொள்ளும். முகம் பார்த்துச் சிரித்துப் பேசும் இரண்டு வீடுகளுக்கு நடுவிலும் இப்படி ஒரு தகராறு காகிதத்தில் பிறந்துவிடுகிறது. எங்கள் அயலவரும் பதில் எழுதவில்லை. சர்வேயர் ஒருவரை நியமிக்கும்படி அவருக்கு மறுபடியும் எழுதி, அதற்கும் 10 நாள்களுக்குள் பதில் வராவிட்டால் அவர் சார்பில் நாமே ஒருவரை நியமிக்கலாம் என்ற விதியை நிறுவனம் விளக்கியது. நல்லவேளையாக, எங்கள் சர்வேயரையே இரு வீட்டுக்கும் பொதுவானவராக வைத்துக்கொள்ள அவர் இசைந்தார். தனித்தனியே இருவரை நியமித்திருந்தால் இருவருக்கும் பெரும்பாலும் நாங்கள்தான் பணம் கட்டியிருப்போம்.

பணம் கொடுப்பவர் நாம் என்பதால் சர்வேயர் நம்முடைய ஆள் என்று எண்ணுவோர் நம்மவரில் பலர். கதியால் ஒன்று அரை அடி தள்ளி நட்டதற்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடிப் பழகிய ஊர்க்காரருக்கு, எதிர்த் தரப்புக்கும் சேர்த்து நியாயம் பார்க்கும் ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது சற்றுக் கசப்பான காரியந்தான். ஆனால் சட்டம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. நியமித்தபின் அவரை விலக்கும் உரிமைகூட எந்தத் தரப்புக்கும் இல்லை. எங்கள் கட்டடக்காரர் சனிக்கிழமை மாலையிலும் வேலை செய்யக் கேட்டபோது, சர்வேயர் அதைத் தயக்கமின்றி மறுத்து, வேலை நேரத்தைத் தீர்ப்பாவணத்தில், அதாவது வேலை எப்படி நடக்க வேண்டும் என்று அவர் எழுதித் தரும் முடிவில், எழுதிவைத்தார். அப்போது எரிச்சலாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

இனி, நிலை அறிக்கை. எங்கள் பகுதியில் பெரும்பாலானவை 1930களில் எழுந்த இணைவீடுகள், அத்திவாரம் ஆழமில்லை. கீழே லண்டன் களிமண். கோடையில் சுருங்கி மழையில் ஊதும் அந்த மண்ணின் மேல் நிற்கும் வீடுகளில் வெடிப்பு இல்லாத சுவரைக் காண்பதே அரிது. சர்வேயர் அயல்வீட்டுக்குள் சென்று, எங்கள் பக்கத்தை அண்டிய ஒவ்வோர் அறையின் சுவரையும் கூரைத்தட்டையும் பார்த்து, ஒவ்வொரு வெடிப்பின் நீளத்தையும் அகலத்தையும் குறித்து, படம் எடுத்து, வெளியே பீலியின் சாய்வையும் தரைக்கற்களின் மட்டத்தையும்கூட எழுதிக்கொண்டார். அத்திவாரம் தோண்டி முடிந்த பிறகு, கதவின் மேல் வளைவில் வெடிப்பு விழுந்திருப்பதாக அயலவர் காட்டினார். அறிக்கையில் அதே வெடிப்பு, அதே அகலத்தில், பழைய படத்தில் இருந்தது. சமையலறை ஓடுகளின் ஓரத்தில் அவர் காட்டிய இன்னொன்று அறிக்கையில் இல்லை. அதைத் திருத்தும் செலவை நாங்கள் கொடுத்தோம். இரண்டு பேச்சும் ஒரே மாலையில், குரல் உயராமல் முடிந்தன. அந்தத் தாள்கள் இல்லாதிருந்தால் இரண்டுமே எங்கள் தலையில் விழுந்திருக்கும், அல்லது இரண்டையுமே நாங்கள் மறுத்திருப்போம்.

இந்தச் சேவையிடம் எதிர்பார்க்கக் கூடாத ஒன்றும் உண்டு. எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதைத் தீர்மானிப்பது பொதுச்சுவர் சர்வேயரின் வேலை அன்று. நிலப் பதிவகத்தின் வரைபடம் இருக்கிறதே என்று சிலர் அதை நீட்டுவார்கள். நகர்ப்புறங்களில் அது வழக்கமாக 1:1250 அளவில் வரையப்படுவது. தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 1.25 மீட்டர். 2002ஆம் ஆண்டின் நிலப் பதிவுச் சட்டமும், தனியே தீர்மானிக்கப்பட்டிருந்தாலன்றி அந்தக் கோட்டைப் பொதுவான எல்லையாக மட்டுமே கொள்கிறது. அயலவருக்கும் எங்களுக்கும் வேலியைப் பற்றிச் சிறு கருத்து வேறுபாடு இருந்ததால், சுவரை மட்டுமன்றிப் பீலியும் எங்கள் பக்கத்திலேயே அடங்கும்படி சற்று உள்ளே தள்ளிக் கட்டினோம். இழந்த அகலம், எல்லை வழக்குக்கு ஆகும் செலவோடு பார்த்தால் ஒரு பொருட்டே அன்று.

குறைகளில் முதலாவது கட்டணம். சட்டம் எந்தக் கட்டண வரம்பையும் விதிக்கவில்லை. மணிக்கணக்கில் ஏறும் தொகை, அயலவர் எழுதும் ஒவ்வொரு மின்னஞ்சலோடும் கூடுகிறது. இரண்டாவது, தீர்ப்பாவணத்தின் மொழி. அதை எதிர்த்து கவுண்டி நீதிமன்றத்தில் (County Court) முறையிட 14 நாள்கள்தாம் உண்டு என்ற முக்கியமான செய்தியை எந்தச் சாதாரண மனிதருக்கும் விளங்கும்படி அவர்கள் எழுதவில்லை. இன்னொன்று இந்த நிறுவனத்தின் குறையன்று, சட்டத்தின் குறை: தகராறில் தரப்பினர் அல்லாத எவரும் சர்வேயராக இருக்கலாம், தகுதிச் சான்று எதுவும் கட்டாயமில்லை. ஆகவே நியமனக் கடிதத்தில் கையெழுத்திடுமுன், தொழில்சார் அமைப்பில் உறுப்பினரா என்பதையும், வேலை முடிந்தபின் வந்து பார்ப்பதற்கான தொகை சொன்ன விலைக்குள் அடங்குமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு அந்த இறுதிப் பார்வையிடலுக்குத் தனிப் பற்றுச்சீட்டு வந்தது.