அலியான்ஸ் பிரான்சேஸில் நான்கு ஆண்டுகள்

பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காகத்தான் பிரெஞ்சு எடுத்தேன். மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் புதுச்சேரிக் கடற்கரையில் ஒரு பிரெஞ்சுப் பாட்டி என்னிடம் வழி கேட்டபோது ஒரு வாக்கியம்கூட வாயில் வரவில்லை. அந்த உறுத்தலில்தான் நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸில் சேர்ந்தேன். பிரெஞ்சு கற்றுத்தரும் இந்த அமைப்பு 1883-ல் பாரிஸில் தொடங்கியது. சென்னைக்கு 1953-ல் வந்தது. கிளை என்று சொல்கிறோம், ஆனால் பெரும்பாலும் ஒவ்வோர் ஊரிலும் அந்தந்த நாட்டுச் சட்டப்படி பதிவான தனிச் சங்கம்தான்.

பள்ளியில் படித்தவன் என்று சொல்லியும் ஏ1-ல், அதாவது அரிச்சுவடி வகுப்பில்தான் உட்கார வைத்தார்கள். அதுதான் சரி என்று முதல் வாரத்திலேயே புரிந்தது. நான் கண்ணால் மட்டுமே படித்திருந்தேன். ஒயினுக்கும் காற்றுக்கும் உள்ள சொற்களை எழுதினால் தெளிவாக வேறு வேறு. பேசும்போது கடைசி மெய்கள் விழுந்துவிடும், மூக்கொலியின் சாயல்தான் இரண்டையும் பிரிக்கும். அதைக் காது பிடிக்க எனக்கு ஐந்தாறு மாதம் ஆனது.

தமிழ் பேசுகிறவர்களுக்குச் சில இடங்கள் எளிது. ‘து’, ‘வு’ வேறுபாட்டை விளக்கவே வேண்டியதில்லை, நம் நீயும் நீங்களும்தான். 97-ஐ ‘நாலு இருபது, பத்து, ஏழு’ என்று எண்ணுவது வகுப்பையே மிரட்டியது. நூறுக்கு முந்திய தொண்ணூறிலேயே நூறை வைத்திருக்கும் நமக்கு இது என்ன பெரிய விஷயம் என்று பக்கத்திலிருந்த அக்கா சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தடுமாறவில்லை.

வகுப்பைவிட எனக்கு அதிகம் கொடுத்தது நூலகம்தான். குழந்தைகளுக்கான படக்கதைகளில் தொடங்கி, இரண்டாம் ஆண்டில் சிறுகதைகளுக்கு வந்தேன். வகுப்பு இல்லாத நாளிலும் ஒரு மணி நேரம் அங்கே உட்காருவேன்.

மூன்றாம் ஆண்டு முடிவில் டெல்ஃப் என்ற பிரெஞ்சுச் சான்றிதழ்த் தேர்வில் பி2, அதாவது ஆறு நிலைகளில் நான்காவதை எழுதினேன். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்ற நான்கு பிரிவுகளுக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தத்தில் 50 வேண்டும், எந்தப் பிரிவிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. பேச்சுத் தேர்வுக்கு முன் 30 நிமிடம் தயாரிப்பு நேரம் தருவார்கள். அதில் முழு வாக்கியங்களாக எழுதாதீர்கள், நேரம் போய்விடும், குறிப்புகள் போதும். சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. கனடா மத்திய அரசின் குடியேற்றத் திட்டங்களுக்கு என்றால் இது உதவாது, டெஃப் அல்லது டிசிஎஃப் என்ற வேறு பிரெஞ்சுத் தேர்வுகளில் ஒன்றை எழுத வேண்டும். சேரும் முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது அடுத்த நிலையான சி1 படிக்கிறேன். போன மாதம் புதுச்சேரி போனபோது துய்மா வீதியில் ஒரு குடும்பத்தோடு பத்து நிமிடம் நின்று பேசினேன், வழியும் சொன்னேன்.