திருச்சியில் ஒரு மரபணுச் சோதனை

"உங்க குடும்பத்துல புற்றுநோய் வந்து, இப்போ உயிரோட இருக்கிறவங்க யாரு?" இங்கிலாந்தில், நான் இருக்கும் லீட்ஸில், மரபணு ஆலோசகர் முதலில் கேட்டது இதைத்தான். அம்மா 44 வயதில் மார்பகப் புற்றில் போய்விட்டாள். சித்திக்குப் போன வருஷம் சினைப்பையில். நோய் வந்தவரைச் சோதித்து, மரபணுவில் பிழை எந்த இடத்தில் என்று கண்டுவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதுமாம். அதனால் திருச்சியில் இருக்கும் சித்திக்குச் சோதனை. மூன்று வார லீவில் பாதி இதற்கே போனது.

ரத்தம் எடுப்பதில் ஊரை அடிச்சுக்க ஆளில்லை. போன் செய்த மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு தம்பி பைக்கில் வந்தார். ஹெல்மெட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு, ஊதா மூடிக் குழாயை நிரப்பிக்கொண்டு, ஜிபேயில் பணம் வாங்கிக் கிளம்பிவிட்டார். லீட்ஸில் முதல் அப்பாயின்ட்மென்டுக்கே நான்கு மாதம் காத்திருந்தேன். (அங்கே காசு கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

படிவத்தில்தான் இடறியது. குடும்ப வரலாறுக்கு ஒரே ஒரு கோடு. பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று நானே வரைய உட்கார்ந்தேன்.

"அம்மாச்சி எப்படி இறந்தாங்க, சித்தி?"

"வயித்துல நீர் கோத்துக்கிச்சு, அவ்வளவுதான்டி."

சினைப்பைப் புற்று முற்றினாலும் நீர் கோக்கும். அம்மாச்சியின் வட்டத்துக்குள் கேள்விக்குறி போட்டேன். மாமா எட்டிப் பார்த்து, "பொம்பளைங்க சமாச்சாரம், இதுல எனக்கெதுக்குக் கட்டம்?" என்றார். ஆணும் இந்த மரபணுப் பிழையைச் சுமக்கலாம், சுமந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றேன். மாமாவுக்கு இரண்டு பெண்கள். டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

நான் லீட்ஸ் திரும்பிய பிறகு, 24ஆம் நாள், சித்தியின் வாட்ஸ்அப்புக்குப் பதினோரு பக்கப் பிடிஎஃப் வந்தது. முழுக்க ஆங்கிலம். அப்படியே எனக்குத் தள்ளிவிட்டு, "நல்லதா கெட்டதா?" என்று கேட்டாள். மார்பக, சினைப்பைப் புற்றோடு தொடர்புள்ள பிஆர்சிஏ1 மரபணுவில் 185டெல்ஏஜி என்ற பிழை: இரண்டே எழுத்து விடுபட்டு, பின்னால் வருவதெல்லாம் குழம்பிப்போகிற மாற்றம். அஷ்கெனாசி யூதர்களிடம் பேர்போனது, தென்னிந்தியக் குடும்பங்களிலும் கண்டிருக்கிறார்கள்.

லேபைக் கூப்பிட்டால், "உங்க டாக்டரைக் கேளுங்க மேடம்." டாக்டரோ, "அதான் வைத்தியம் நடக்குதே." எனக்கு எரிச்சல் வந்தது இங்கேதான். கீமோ பலன் தந்தால், அடுத்து, புற்று திரும்புவதைத் தள்ளிப்போடும் ஓலாபரிப் மாத்திரை கொடுக்கலாமா என்று முடிவு செய்ய இந்த ரிசல்ட் சித்திக்கே வேண்டும். கடைசியில் சென்னையில் ஒரு மரபணு ஆலோசகரைத் தேடிப் பிடித்து, வீடியோவில் நாற்பது நிமிஷம், தமிழில், சித்திக்குப் புரியும்படி பேச வைத்தோம். ஊருக்குப் போய்ச் செய்பவர்கள் ரத்தம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்: ரிப்போர்ட்டை உட்கார வைத்து விளக்க ஆள் உண்டா?

போன வாரம் மாமாவின் மூத்த மகளிடமிருந்து மெசேஜ். "அக்கா, அந்த பைக் தம்பி நம்பர் அனுப்புங்க. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."