கோவளத்து உப்புக் காற்றில் எட்டு பேரிங்: மூன்று வருட அனுபவம்

"அண்ணா, ஏபெக் 9 வாங்கவா, இல்லை 7 போதுமா?" என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டான். புது ஸ்கேட்போர்டு, அதோடு வந்த சக்கர பேரிங் கரகரவென்று சத்தம் போடுகிறதாம். பதில் சொல்லிக்கொண்டே வந்தவனுக்குப் பாதியில் கோபம் வந்துவிட்டது. அவன் மேல் இல்லை. அன்று காலைதான் என் சக்கரங்களைக் கழற்றியிருந்தேன். சக்கரத்துக்கு இரண்டாக இருக்கும் எட்டு பேரிங்கில் மூன்றின் உள்ளே காப்பித்தூள் நிறத்தில் துரு. வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது.

ஏபெக்கை முதலில் முடித்துவிடுகிறேன். அது அமெரிக்க பேரிங் தயாரிப்பாளர்கள் வகுத்த துல்லியத் தரம்: 1, 3, 5, 7, 9. வளையங்களின் அளவு எவ்வளவு பிசகாமல் இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். உள்ளே என்ன எண்ணெய், உருளும் குண்டுகள் எந்த உலோகம், படிக்கட்டிலிருந்து குதித்தால் தாங்குமா என்பதெல்லாம் அதில் இல்லை. 54 மி.மீ. சக்கரத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்று. ஸ்கேட்போர்டில் போடும் 608 என்ற அளவு பேரிங் அதைப்போலப் பல மடங்கு வேகத்தில் சுற்றக்கூடியது. 7-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசம் நம் காலுக்குத் தெரியவே தெரியாது. போன்ஸ் நிறுவனம் தன் ஸ்கேட் பேரிங்குகளுக்கு ஏபெக் எண்ணே கொடுப்பதில்லை.

சென்னைக்குப் பக்கத்தில் கடலோரக் கோவளத்தில் ஓட்டுகிறவர்கள் கேட்க வேண்டியது வேறு: உள்ளே உப்பு எப்படிப் போகிறது?

நான் முதலில் நல்ல விலை கொடுத்து வாங்கியது ஒரு வெளிநாட்டு பேரிங் செட், 2,200 ரூபாய். அதன் சுகத்தை மறுக்கவே முடியாது. ஒரு தடவை உந்தினால் போதும், போர்டு போய்க்கொண்டே இருக்கும். கிண்ணம்போலக் குழிந்த தளமான பௌலில் இறங்கி எதிர்ச்சுவர் ஏறும்போது யாரோ பின்னாலிருந்து மெல்லத் தள்ளிவிடுவதுபோல இருக்கும். முதல் இரண்டு மாதம் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பவே மனசு வராது. அப்புறம் ஒரு சக்கரத்தில் மட்டும் மெல்லிய முனகல் கேட்டது. ஒன்பதாவது மாதம் அந்த செட் முடிந்தது.

காரணம் எளிது. அந்த பேரிங்குக்கு ஒரு பக்கம்தான் மூடி. சக்கரத்தின் உட்பக்கம் பார்த்த முகம் திறந்தே இருக்கும். சுத்தம் செய்ய வசதி என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். ஈரமில்லாத ஊரில் அது நல்ல யோசனைதான். அடுத்தது உலோகம். பளபளப்பைப் பார்த்து எவர்சில்வர் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான பேரிங்குகள் குரோம் ஸ்டீல். அதில் குரோமியம் சுமார் 1.5 சதவீதம்தான். துருவைத் தடுக்க 10 சதவீதத்துக்கு மேல் வேண்டும். செராமிக் வாங்கினால் தப்பிக்கலாம் என்பார்கள். குண்டு துருப்பிடிக்காது, சரி. அது ஓடும் வளையம் ஸ்டீல்தானே?

அதன் பிறகு பாரிமுனையில் ஒரு பேரிங் கடைக்குப் போய், "608, ரெண்டு பக்கமும் ரப்பர் சீல்" என்று கேட்டேன். உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22, தடிமன் 7. சின்ன மோட்டார்களுக்குப் போடும் அதே பேரிங். ஒன்று 45 ரூபாய், எட்டுக்கு 360. சக்கரத்தில் மாட்டி விரலால் சுண்டினேன். இரண்டு சுற்று சுற்றி நின்றுவிட்டது. ஏமாந்துவிட்டோமோ என்று நினைத்தேன். ஆனால் உள்ளே கெட்டியான கிரீஸ் இருந்தால் வெறும் சக்கரம் அப்படித்தான் நிற்கும். ஆள் ஏறி நின்றால் அந்த இழுவை பெரிதாகத் தெரியாது. விரலால் சுண்டிப் பார்த்து பேரிங் வாங்குவதை நான் அன்றோடு விட்டேன்.

பதினாறு மாதம் ஓட்டினேன். ஒரே ஒரு தடவை மழைத் தண்ணீரில் இறங்கியதால் திறந்து பார்த்தேன், கிரீஸ் அப்படியே இருந்தது. குறையும் சொல்ல வேண்டும்: முதல் உந்தல் கொஞ்சம் கனம். மற்றவர்கள் மூன்று தடவை உந்தும் தூரத்துக்கு எனக்கு நான்கு. ஸ்பேசரும் தனியாக வாங்கினேன். இரண்டு பேரிங்குக்கும் நடுவே நிற்கும் அந்த 10 மி.மீ. குழாய் இல்லாமல் நட்டை இறுக்கினால் பக்கவாட்டு அழுத்தத்தில் எந்த பேரிங்கும் கெடும்.

இவ்வளவு தெரிந்தும், ஐந்து மாதத்துக்கு முன் அதே வெளிநாட்டு செட் 1,700 ரூபாய்க்கு இறங்கியதும் மறுபடி வாங்கினேன். அந்த வேகம் மனதை விட்டுப் போகவில்லை. இந்தத் தடவை ஒழுங்காகப் பராமரித்தேன். மாதம் ஒரு தடவை சேஃப்டி பின்னால் மூடியைக் கிளப்பி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் குலுக்கிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் மட்டும் விடவே விடாதீர்கள், நாளாக நாளாகப் பிசுபிசுத்துக் குண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். இத்தனை செய்தும் மூன்று பேரிங் போய்விட்டது.

நான் ஓட்டியதிலேயே சிறந்த பேரிங் எது என்றால் சந்தேகமே இல்லை, அந்த வெளிநாட்டு செட்தான். மறுபடி வாங்குவேனா? மாட்டேன். அண்ணா நகரில் ஓட்டுகிற நண்பனுக்கு வாங்கச் சொல்வேன். கடலோரத்தில் ஓட்டுகிறவனுக்கு, காசு கொடுத்தாலும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

துருப்பிடிக்காத ஐந்தையும் எண்ணெய் விட்டு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், தூக்கிப் போட மனமில்லை. பழைய 45 ரூபாய் பேரிங்குகள் மறுபடி சக்கரத்தில் ஏறிவிட்டன. தம்பியைச் சனிக்கிழமை பாரிமுனைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.