கேம்ரி, அக்கார்ட், மஸ்டா 6: பழைய குடும்ப செடானில் எதை எடுக்கலாம்?

புதுச் சின்னக் கார் ஒன்றுக்கு ஆகும் செலவில், ஆறேழு வருஷம் ஓடிய நடுத்தர செடான் ஒன்றை எடுத்துவிடலாம். பின்சீட்டில் பெரியவர்கள் முழங்கால் இடிக்காமல் உட்காரலாம். நாலு பேரின் பெட்டியும் டிக்கியில் அடங்கும். நீண்ட பயணம் முடிந்து இறங்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளாது. குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி அரிது என்பது என் எண்ணம். எல்லோரும் எஸ்யூவி பக்கம் போய்விட்டதால், நன்றாகப் பராமரித்த செடான்களைப் பேரம் பேசி வாங்கவும் முடிகிறது.

ஆனால் தேடத் தொடங்கியதும் பலர் "டொயோட்டாவா, ஹோண்டாவா?" என்று கேட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எந்த வருஷம், எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ் என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும். டொயோட்டா கேம்ரி என்ற ஒரே பெயரில் மூன்று லட்சம் கிலோமீட்டர் அசராமல் ஓடும் வண்டியும் உண்டு, ஆயில் குடித்தே ஓனரை அலையவைக்கும் வண்டியும் உண்டு.

கீழே வரும் வருஷங்களும் இன்ஜின்களும் வட அமெரிக்கச் சந்தைக்கு வந்த மாடல்களை வைத்துச் சொல்பவை. வேறு நாடுகளில் அதே பெயருக்கு வேறு இன்ஜின் வந்திருக்கலாம். நீங்கள் பார்க்கும் வண்டியின் பானெட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை உறுதிசெய்துகொண்டு படியுங்கள்.

கேம்ரியும் அக்கார்டும்

கேம்ரியில் தவிர்க்க வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2007 முதல் 2009 வரை வந்த 2.4 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு ஆயில் குடிக்கும் வழக்கம் உண்டு. பிஸ்டன் ரிங் பகுதியில்தான் கோளாறு. வெளியே சொட்டு ஒழுகாது, ஆனால் இரண்டு சர்வீஸுக்கு இடையில் டிப்ஸ்டிக்கில் அளவு கீழே போயிருக்கும். பிஸ்டன் ரிங் மாற்றி, அதற்கான பில்லும் கையில் இருந்தால் ஒழிய அந்த வருஷங்களைத் தொட வேண்டாம்.

2010-ல் 2.5 லிட்டர் இன்ஜின் வந்ததும் நிலைமை மாறிவிட்டது. 2012 முதல் 2017 வரையிலான தலைமுறையில் இந்த இன்ஜினும் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்த ஜோடிதான், பழைய செடான் தேடும் யாருக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது. 178 குதிரைசக்தி. பிக்கப் சாதாரணம்தான். ஆனால் பெட்ரோல் வால்வுக்கு முன்பாகவே தெளிக்கப்படும் பழைய முறை என்பதால் வால்வில் கரி படியும் தொல்லை இல்லை. டைமிங் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் செலவும் இல்லை. 2012 முதல் 2014 வரையிலான சில வண்டிகளில் மிதமான வேகத்தில், இன்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரில் அதிர்வு வந்ததுண்டு. சொரசொரப்பான சாலையில் போவதுபோல ஒரு நடுக்கம், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் நின்றுவிடும். டெஸ்ட் டிரைவில் அதைத் தேடிப் பாருங்கள்.

2018-ல் கேம்ரி மொத்தமாக மாறியது. 2.5 லிட்டர்தான், ஆனால் 203 குதிரைசக்தி, எட்டு கியர். ஓட்டுவதற்கு முந்தைய தலைமுறையைவிட எவ்வளவோ மேல், திருப்பத்தில் வண்டி தள்ளாடாது. பெட்ரோல் சிலிண்டருக்குள்ளும் வால்வுக்கு முன்பும் என இரண்டு விதமாகத் தெளிக்கப்படுவதால் கரிப் பிரச்சினையும் பெரிதாக இல்லை.

ஹோண்டா அக்கார்ட் பக்கம் வந்தால், 2013 முதல் 2017 வரையிலான ஒன்பதாவது தலைமுறையே எனக்குப் பிடித்தது. மெல்லிய தூண்கள், அகலமான கண்ணாடி, எந்தப் பக்கம் திரும்பினாலும் சாலை தெரியும். ஊருக்குள் ஓட்டும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை. 2.4 லிட்டர் இன்ஜினுக்கு 185 குதிரைசக்தி, அதனுடன் பெரும்பாலும் சிவிடி, அதாவது தனித்தனி கியர்களுக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் கொண்ட ஆட்டோமேட்டிக். ஹோண்டாவின் சிவிடிக்குச் சந்தையில் கெட்ட பெயர் இல்லை, அதற்குரிய ஆயிலை வேளாவேளைக்கு மாற்றியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த இன்ஜினில் காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு நொடி கரகரவென்று ஒரு சத்தம் வரும் வண்டிகள் உண்டு. வால்வ் டைமிங்கை மாற்றும் ஆக்சுவேட்டரின் சத்தம் அது. உடனே இன்ஜின் போய்விடாது, ஆனால் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேட்கலாம். இதைப் பிடிக்க வண்டி முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். நீங்கள் போகும் முன்பே விற்பவர் இன்ஜினைச் சூடுபண்ணி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஆறு சிலிண்டர் ஆசை இருந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். கேம்ரியின் 3.5 லிட்டருக்கு டைமிங் செயின். அக்கார்டின் 3.5 லிட்டருக்கு பெல்ட், சுமார் 1,60,000 கிலோமீட்டரில் வாட்டர் பம்புடன் சேர்த்து மாற்ற வேண்டிய பெரிய வேலை. 1,50,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியை ஒருவர் விற்கிறார் என்றால், அந்தச் செலவு வரும் முன் கைகழுவுகிறாரா என்று யோசிக்கத்தான் வேண்டும். போதாததற்கு, சீராக ஓடும்போது சில சிலிண்டர்களை நிறுத்திவைக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. அது இன்ஜின் மவுண்ட்டையும் ஆயில் செலவையும் பாதித்த வண்டிகள் பல. ஓட்டும் சுகத்தில் அக்கார்ட் ஒரு படி மேல், ஆனால் பழைய வண்டியாக வைத்துக்கொள்ள கேம்ரியின் வி6தான் நிம்மதி.

2018 அக்கார்டில் ஹோண்டா வி6-ஐயே நிறுத்திவிட்டு 1.5 லிட்டர், 2 லிட்டர் டர்போக்களுக்குப் போனது. வண்டியின் உள்ளிடம் அருமை. டிக்கி சுமார் 473 லிட்டர், அதே வருஷக் கேம்ரிக்கு 428 லிட்டர்தான். ஆனால் 1.5 டர்போவில் எனக்குத் தயக்கம் உண்டு. குளிர் பிரதேசத்தில், சின்னச் சின்ன தூரமே ஓடும் வண்டியில் பெட்ரோல் ஆயிலில் கலந்துவிடுகிறது. டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை வரும், அளவும் மேல் கோட்டைத் தாண்டியிருக்கும். ஹெட் கேஸ்கட் போன வண்டிகளும் பேசப்படுகின்றன. கூலண்ட் டப்பாவில் அளவு குறைந்திருந்தால் காரணம் தெரியாமல் வாங்கக் கூடாது. இந்தத் தலைமுறையில் 2 லிட்டர் டர்போ கிடைத்தால் அதை எடுங்கள். 252 குதிரைசக்தி, பத்து கியர், உண்மையிலேயே ஓட்ட ஆனந்தமான வண்டி.

ஹைபிரிட் எடுக்கலாமா?

எடுக்கலாம். பழைய ஹைபிரிட் என்றாலே பேட்டரி பயத்தில் ஒதுங்குபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, இவற்றில் தேய்ந்துபோகிற வழக்கமான கியர்பாக்ஸே கிடையாது. டொயோட்டாவில் பிளானட்டரி கியர் தொகுதி ஒன்றும் இரண்டு மோட்டார்களும். ஹோண்டாவில் பெரும்பாலான நேரம் இன்ஜின் மின்சாரம் தயாரிக்க, மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும், நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் இன்ஜினைச் சக்கரத்தோடு பூட்டிவிடும். பெல்ட்டும் புல்லியும் உரசும் சிவிடி இரண்டிலும் இல்லை.

2018-க்குப் பிந்தைய கேம்ரி, அக்கார்ட் இரண்டிலும் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் போய்விட்டதால் டிக்கி முழுசாகக் கிடைக்கும். அதற்கு முந்தைய வண்டிகளில் பின்சீட்டுக்குப் பின்னால் பேட்டரி உட்கார்ந்து டிக்கியைச் சாப்பிட்டுவிடும். கேம்ரியைப் பார்க்கும்போது பின்சீட்டுப் பக்கம் பேட்டரிக்குக் காற்று போகும் துவாரத்தைக் கண்டுபிடித்து, அதற்குள் இருக்கும் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். நாய் முடியும் தூசியும் திரண்டு அடைத்திருந்தால், அந்த பேட்டரி வருஷக்கணக்கில் மூச்சு முட்டிச் சூடாகியிருக்கிறது என்று பொருள். இதைச் சுத்தமாக வைத்திருக்கும் ஓனர் மற்ற பராமரிப்பையும் ஒழுங்காகச் செய்திருப்பார்.

ஓட்டப் பிடித்தவருக்கு மஸ்டா 6

2014 மாடலாக வந்த மூன்றாம் தலைமுறை மஸ்டா 6, இந்தக் கூட்டத்தில் ஸ்டீயரிங்குக்காகவே வாங்கத் தகுந்தது. 2.5 லிட்டர் இன்ஜின், 184 குதிரைசக்தி, அதோடு வழக்கமான ஆறு கியர் ஆட்டோமேட்டிக். சிவிடி பிடிக்காதவர்களுக்கு இதுவே போதுமான காரணம். டர்போ இல்லாத இந்த இன்ஜினின் நம்பகத்தன்மை கேம்ரிக்குப் பக்கத்தில் நிற்கும் என்பேன். பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் போவதால், அதிகம் ஓடிய வண்டியில் வால்வில் கரி சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. ஐட்லிங் சீராக இருக்கிறதா என்று பாருங்கள்.

2018 முதல் அந்த இன்ஜினிலும் சிலிண்டர் நிறுத்தும் ஏற்பாடு வந்தது. அதன் மென்பொருள் கோளாறுக்காக 2019-ல் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தார்கள். அந்த வேலை முடிந்ததா என்று கேளுங்கள். 2018-லேயே சேர்ந்த 2.5 டர்போ அபாரமான இழுவை. ஆனால் எக்ஸாஸ்ட் பக்கம் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விட்டு கூலண்ட் கசிவது அந்த இன்ஜினின் தெரிந்த நோய், சரிசெய்யும் செலவு பெரிது. பின்சீட்டில் உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும். வாங்கும் முன் வீட்டில் உயரமானவரை ஒருமுறை உட்காரவைத்துப் பார்த்துவிடுங்கள்.

சொனாட்டா, ஆல்டிமா, பஸாட்

இந்த மூன்றும் விலை குறைவாகக் கண்ணில் படும், வசதிகளும் நிறைய இருக்கும். ஹூண்டாய் சொனாட்டாவில் 2011 முதல் 2014 வரையிலான 2.4, 2.0 டர்போ இன்ஜின்களில் தயாரிப்பின்போது தங்கிவிட்ட உலோகத் துகள் ஆயில் வழியை அடைத்து, கனெக்டிங் ராட் பேரிங்கைத் தின்றுவிட்டது. 2015 செப்டம்பரில் தொடங்கிய திரும்ப அழைப்பு 2017-ல் இன்னும் விரிந்தது. கம்பெனியே இன்ஜின் மாற்றிக்கொடுத்த வண்டி என்றால் தைரியமாகப் பார்க்கலாம்.

நிசான் ஆல்டிமாவில் 2013 முதல் 2016 வரையிலான சிவிடிக்கு அமெரிக்காவில் வாரண்டியை 84 மாதம் அல்லது 84,000 மைல் என நீட்டிக்க வேண்டிவந்தது. அந்த நீட்டிப்பும் இப்போது முடிந்துபோன கதை. சீட் சொகுசு, மைலேஜ் இரண்டும் நன்றாக இருந்தும், அந்த வருஷங்களை என்னால் யாருக்கும் சிபாரிசு செய்ய முடியவில்லை.

ஃபோக்ஸ்வாகன் பஸாட் ஓடும் விதமே தனி, கதவை மூடும் சத்தத்திலேயே கனம் தெரியும். ஆனால் பழைய 2 லிட்டர் டர்போவில் டைமிங் செயின் டென்ஷனர், ஆறு கியர் டிஎஸ்ஜிக்கு (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் என்று கவனிக்க நிறைய இருக்கிறது. இந்த வண்டியில் கைதேர்ந்த மெக்கானிக் அருகில் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது

ஓடோமீட்டரை நம்புவதற்கு முன் பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள். அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியதாகச் சொல்லும் வண்டியில் ரப்பரின் வரி அழிந்து, ஸ்டீயரிங் தோல் பளபளவென்று வழுவழுத்து, ஓட்டுநர் சீட்டின் ஓரம் நைந்திருந்தால் கணக்கு உதைக்கிறது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் தயாரானது. நாலு டயரும் நாலு கம்பெனி என்றால், ஓனர் எங்கெல்லாம் காசை மிச்சம் பிடித்திருப்பார் என்று ஊகிக்கலாம்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். எரர் கோடு எதுவும் இல்லை என்று காட்டினால் மட்டும் திருப்தி அடையாதீர்கள். இன்ஜினின் சுயபரிசோதனைகள் முடிந்தனவா என்று ஒரு பக்கம் காட்டும். பல பரிசோதனைகள் முடியவில்லை என்று வந்தால், யாரோ சமீபத்தில் கோடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

டெஸ்ட் டிரைவ் தெருவைச் சுற்றி வருவதாக இருக்கக் கூடாது. கியர்பாக்ஸ், அதிலும் சிவிடி, சூடேறிய பிறகுதான் குணத்தைக் காட்டும். அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு, 20-லிருந்து 40 வேகத்துக்குள் மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தும்போது வண்டி சிணுங்கி நடுங்கினால் இறங்கிவிடலாம்.

17 இலக்க சேசிஸ் நம்பரைக் கம்பெனியின் தளத்தில் போட்டு, முடிக்காத திரும்ப அழைப்பு ஏதும் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 2000-களில் வந்த அக்கார்டிலும் மஸ்டா 6-லும் டகாட்டா என்ற ஜப்பானியக் கம்பெனியின் ஏர்பேக் இருந்த வண்டிகள் ஏராளம். அந்த ஏர்பேக்கை விரியவைக்கும் அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வருஷக்கணக்கில் கெட்டுப்போய், விரியும்போது உலோகக் கூடு வெடித்துத் துண்டுகள் ஆளைத் துளைத்திருக்கின்றன. உயிர்கள் போயிருக்கின்றன. மாற்றாத வண்டியில் குடும்பத்தை ஏற்றக் கூடாது.

நான் எடுப்பதாக இருந்தால்

நகரத்துக்குள் தினமும் ஓட்டம் என்றால் 2018-க்குப் பிந்தைய கேம்ரி ஹைபிரிட் அல்லது அக்கார்ட் ஹைபிரிட். கையில் பணம் குறைவு, ஆனால் நிம்மதி வேண்டும் என்றால் 2015 முதல் 2017 வரையிலான 2.5 லிட்டர் கேம்ரி. ஓட்டுவதிலும் ஆசை இருந்தால் 2014 முதல் 2017 வரையிலான மஸ்டா 6. இவற்றில் எதைப் பார்த்தாலும், சர்வீஸ் பில்கள் அடுக்காக இருக்கும் அக்கார்ட் ஒரு பக்கமும் எந்தக் காகிதமும் இல்லாத கேம்ரி இன்னொரு பக்கமும் நின்றால் அக்கார்டையே எடுப்பேன்.

எடுத்த வாரமே இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், கூலண்ட், ஏர் ஃபில்டர் எல்லாவற்றையும் புதுசாக்கிவிடுவேன். கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் போதும் என்று சொல்லும் வண்டியானாலும், லட்சம் கிலோமீட்டர் தாண்டியிருந்தால் அழுத்தம் கொடுத்துக் கழுவாமல், அடியில் வடித்து அதே அளவு கம்பெனி ஆயில் ஊற்றச் சொல்வேன். அடுத்த ஆயிரம் கிலோமீட்டருக்கு வாரம் ஒருமுறை, வண்டி சமதளத்தில் குளிர்ந்து நிற்கும்போது டிப்ஸ்டிக்கையும் கூலண்ட் அளவையும் குறித்துவைப்பேன். ஆயில் குடிக்கும் வண்டியா, கூலண்ட் இழக்கும் வண்டியா என்பது அந்தக் குறிப்பில் தெரிந்துவிடும்.