ரோலந்தா, பார்பூஸா: முதலில் யாரைப் படிப்பது?

முதல் உலகப் போரைப் பற்றி எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு மாலை பேச வேண்டும், ஒரே ஒரு பிரெஞ்சு எழுத்தாளரை வைத்து. கடைசி வரை போட்டியில் நின்றவர்கள் ரொமெய்ன் ரோலந்தும் ஆன்றி பார்பூஸும். இருவரும் போரை வெறுத்தவர்கள், சோஷலிசத்தின் பக்கம் நின்றவர்கள். நான் ரோலந்தை எடுத்தேன்.

பார்பூஸின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 41 வயதில், நுரையீரல் கோளாறோடு, தானாகவே போய்ப் படையில் சேர்ந்தவர். பதுங்கு குழிகளில் பட்டதை வைத்து எழுதிய 'நெருப்பு' நாவலுக்கு 1916இல் பிரான்சின் பெரிய இலக்கிய விருதான கோன்கூர் பரிசு கிடைத்தது. அதில் ஒரு சிப்பாய் கதைசொல்லியிடம் வந்து கேட்கிறான்: எங்களைப் பற்றி எழுதும்போது நாங்கள் பேசுகிற மாதிரியே எழுதுவாயா, கெட்ட வார்த்தைகளையும் போடுவாயா? போடுவேன் என்கிறார் அவர். அந்தக் கொச்சையின் ருசி ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்த எனக்கு முழுதாகக் கிடைத்திருக்காது. பிரெஞ்சில் படித்தவர்கள் பார்பூஸுக்குக் கூடுதல் மதிப்பெண் போடலாம்.

என்னை ரோலந்து பக்கம் தள்ளியது தேதி.

1914 ஜூலை 31 இரவு பாரிஸ் உணவகம் ஒன்றில் போரைத் தடுக்கப் போராடிய சோஷலிஸ்ட் தலைவர் ழான் ழொரேஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கே நாளில் அவருடைய கட்சியே போர்ச் செலவுக்கு ஆதரவாக வாக்களித்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் அதன் தலைவர்கள் இருவர் அமைச்சர்களாகிவிட்டார்கள். பார்பூஸும் அதே மாதத்தில், இது ராணுவவெறிக்கு எதிரான போர், இதில் சேர்வது சோஷலிசத்துக்கு விரோதமில்லை என்று எழுதினார். மனதார நம்பித்தான் எழுதினார். உண்மை அவருக்குப் பதுங்கு குழிக்குள்தான் தெரிந்தது.

ரோலந்து அடுத்த மாதமே, செப்டம்பரில், ஜெனீவா நாளிதழ் ஒன்றில் 'சண்டைக்கு மேலே' கட்டுரையை வெளியிட்டார். போர் தொடங்கி எட்டு வாரம்கூட ஆகவில்லை. சாகப்போகும் இளைஞர்களை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர்களை அனுப்பிய மூத்தவர்களைத்தான் கேள்வி கேட்டார். கிறிஸ்தவமும் சோஷலிசமும் ஒரே நாளில் தேசியக் கொடிக்குப் பின்னால் போய் நின்றதைச் சுட்டிக்காட்டினார். பிரஷ்ய ஏகாதிபத்தியத்தைக் கடுமையாகவே கண்டித்தார், ஆனால் ஜெர்மானியர்களை வெறுக்க மறுத்தார். பாரிஸில் அவரைத் துரோகி என்றார்கள்.

சுவிட்சர்லாந்தில் பத்திரமாக உட்கார்ந்து பேசினார் என்ற குற்றச்சாட்டு இன்றும் உண்டு. வட்டத்திலும் ஒருவர் அதையே கேட்டார். சரி, அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்? 48 வயது, விபத்தில் அடிபட்ட உடம்பு. 1914 அக்டோபரிலிருந்து பல மாதங்கள் ஜெனீவாவின் ராத் அருங்காட்சியகத்தில், செஞ்சிலுவைச் சங்கத்தின் போர்க்கைதிகள் விவர மையத்தில், சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தார். காணாமல்போன மகனைத் தேடும் தாய்மார்களின் கடிதங்களைப் படித்து, பெயரைத் தேடி, பதில் எழுதும் வேலை. அவர் இருந்தது பொதுமக்கள் பிரிவில். பிடிபட்ட சிப்பாய்க்காவது சர்வதேச ஒப்பந்தம் இருந்தது, எதிரி நாட்டில் அடைபட்ட சாதாரண மனிதர்களுக்கு எதுவும் இல்லை. பிறகு வந்த நோபல் பரிசுப் பணத்தையும் செஞ்சிலுவைக்கும் நிவாரணப் பணிகளுக்கும் கொடுத்துவிட்டார். நம்மில் பலருக்கு அவர் ராமகிருஷ்ணர், காந்தி வாழ்க்கையை எழுதியவர் மட்டுமே. இந்த ரோலந்தையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை.

பிற்காலத்தை வைத்து ஒருவரை உயர்த்த முடியாது. 1920களின் தொடக்கத்தில், புரட்சிக்கு வன்முறை தேவையா என்று இருவரும் மோதிக்கொண்டார்கள். அப்புறம் இருவருமே சோவியத்தை நம்பினார்கள். ஸ்டாலின் வரலாற்றை எழுதிய பார்பூஸ் 1935இல் மாஸ்கோவிலேயே இறந்தார். அதே ஆண்டு ரோலந்தும் அங்கே போய் ஸ்டாலினைச் சந்தித்தார்.

ரோலந்தின் நடை உயரத்திலிருந்து பேசும், சேறு ஒட்டாது. அதனால் கட்டுரையை முதலில் படித்துவிட்டு, 'நெருப்பு' நாவலின் கடைசி அத்தியாயத்துக்குப் போங்கள். மழை வெள்ளத்தில் குழிகள் கரைந்துபோக, விடியற்காலையில் சேறு அப்பிய உடல்கள் கிடக்கின்றன. பிரெஞ்சுக்காரனா ஜெர்மானியனா என்று பக்கத்தில் கிடப்பவனுக்கே தெரியவில்லை.