கண் வறட்சிக்குச் சொட்டு மருந்து: பாட்டிலா, குட்டிக் குப்பியா?

இரண்டிலும் மருந்து பெரும்பாலும் ஒன்றுதான்: கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், 0.5%.

விலை: பாட்டில் மலிவு, திறந்தால் ஒரு மாதம் வரும். ஒரே நாளில் தீர்த்துவிட வேண்டிய குப்பி கையைக் கடிக்கும்.

கண்ணுக்கு: பல பாட்டில்களில் கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு, அடிக்கடி விட்டால் கண்ணையே உறுத்தும், சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸும் அதை உறிஞ்சிக்கொள்ளும். குப்பியில் அது கிடையாது.

வசதி: குப்பியின் மூக்கைத் திருகி ஒடிக்க வேண்டும். கை நடுங்கும் பெரியவர்களுக்குச் சிரமம்தான்.

நாளுக்கு நான்கு முறைக்குள் என்றால் பாட்டில் போதும். அதற்கு மேல் என்றாலோ லென்ஸ் போட்டாலோ குப்பிதான். அப்புறம், கண் அரித்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். ஓலோபடடின் சொட்டு மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாகவே செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை போட்டால் கண் இன்னும் காயலாம்.